அயோடின் சொல்றது ஒண்ணு, நாம கேட்டுக்கிறது ஒண்ணு

மக்களே, கொஞ்ச நாளா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சொட்டு மருந்துதான். போலியோ சொட்டு மருந்து இல்லைங்க, அயோடின். பன்னீர் மேல ஒரு சொட்டு, பால்ல ரெண்டு சொட்டு, நெய்யில மூணு சொட்டு. நீலமா மாறிச்சுன்னா பின்னணியில திகில் பட மியூசிக், "பார்த்தீங்களா, நாம தின்னுறது எல்லாம் விஷம்"னு ஒரு குரல், பத்து பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வேண்டுகோள். மாறலைன்னா "இது அக்மார்க் சுத்தம், தைரியமா வாங்கலாம்"னு இலவசமா ஒரு சான்றிதழ்.

இந்தப் பதிவு அந்த ரெண்டு முடிவுக்கும் எதிரானது. அயோடின் சோதனைக்கு எதிரானது இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா "கலப்படக்காரனுக்கு வக்காலத்து வாங்குறியா?"ன்னு ஒரு கும்பல் கண்டிப்பா கிளம்பும். :-)

என்னைக் கேட்டா, சாமானிய மனுஷன் கையில கிடைச்ச ரசாயனச் சோதனைகள்லயே ரொம்ப நேர்மையானது இந்த அயோடின் சோதனைதான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும், ஒரு வார்த்தை கூடப் பேசாது. நாமதான் அதோட வாயில நம்ம வார்த்தையைத் திணிக்கிறோம்.

பன்னிரண்டாம் வகுப்புல வேதியியல் செய்முறைத் தேர்வு எழுதின எல்லாருக்கும் சால்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கும். ஒரு காகிதத்துல மடிச்ச வெள்ளைப் பொடியைக் கொடுத்து "இது என்னன்னு கண்டுபிடி"ன்னு விட்டுடுவாங்க. பதிவேட்டுல மூணு பத்தி. சோதனை, காண்பது, அறிவது. முதல் சோதனையில எது வந்தாலும் மூணாவது பத்தியில "இன்னது இருக்கலாம்"னுதான் எழுதணும். அதுக்கு அப்புறம் உறுதிச் சோதனைன்னு ஒண்ணு செஞ்சு, அதுவும் சரியா வந்தாத்தான் "இன்னது இருக்கிறது உறுதி"ன்னு எழுதலாம். இந்த "இருக்கலாம்"ல நாம யாரும் பெருசா அக்கறை காட்டினதில்லை. எந்த உப்புன்னு லேப் அட்டெண்டர் அண்ணன் கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுலதான் நம்ம மொத்த அறிவியல் ஆர்வமும் இருந்துச்சு. ஆனா இத்தனை வருஷம் கழிச்சு யோசிச்சா, அந்த வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொடுத்த உருப்படியான விஷயமே அந்த "இருக்கலாம்"தான்னு தோணுது.

அதே பாணியில அயோடின் சோதனையை எழுதிப் பாருங்க. சோதனை: அயோடின் விட்டேன். காண்பது: கருநீலம். அறிவது: மாவுச்சத்து இருக்கிறது. அவ்வளவுதான். "கடைக்காரன் திருடன்"ங்கிறது மூணாவது பத்தியில கிடையாது. அது நாம சொந்தமாப் போட்டுக்கிற நாலாவது பத்தி.

சரி, இந்த நீலம் எங்கேர்ந்து வருது? கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வேதியியல், சுருக்கமா முடிச்சுடறேன். 1811ல் பிரான்சுல பெர்னார் கூர்த்துவான்னு ஒருத்தர் கடற்பாசிச் சாம்பலோட மல்லுக்கட்டிட்டு இருந்தப்போ ஊதா நிறத்துல ஆவி வந்துச்சு. அதுதான் அயோடின். மூணே வருஷத்துல, 1814ல், கொலன், கோல்தியே த கிளோப்ரி ரெண்டு பேரும் இது மாவுச்சத்தோட சேர்ந்தா நீலமாகுதுன்னு எழுதி வெச்சாங்க. ஆக இந்தச் சோதனைக்கு வயசு இருநூறுக்கு மேல.

மாவுச்சத்துல ரெண்டு வகைச் சங்கிலி இருக்கு. அமைலோஸ், அமைலோபெக்டின். அமைலோஸ் நீளமா, ஸ்ப்ரிங் மாதிரி சுருண்ட சங்கிலி. அந்தச் சுருளோட நடுவுல இருக்கிற குழாய்க்குள்ள அயோடின் வரிசையாப் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்தா அது ஒளியை உறிஞ்சுற விதமே மாறிடும், நம்ம கண்ணுக்குக் கருநீலமாத் தெரியும். அமைலோபெக்டின் கிளை கிளையாப் பிரியற ஆசாமி. அதுல சுருள் சின்னது, அதனால சிவப்பு கலந்த ஊதாதான் வரும்.

இதுல நம்ம கதைக்குத் தேவையான விஷயம் மூணு இருக்கு. ஒண்ணு, சுருள் நீளமா இருந்தாத்தான் நீலம். மாவுச்சத்தையே துண்டு துண்டா வெட்டிட்டா நிறம் வராது. ரெண்டு, சூட்டுல அயோடின் அந்தக் குழாயை விட்டு வெளியே வந்துடும். கொதிக்கக் கொதிக்கப் பாலை வெச்சுக்கிட்டு சோதிச்சா நீலம் தெரியாது, ஆற வெச்சா திரும்ப வரும். மூணு, வைட்டமின் சி மாதிரியான பொருள் இருந்தா அது அயோடினை அயோடைடா மாத்தி நிறத்தையே காலி பண்ணிடும். எலுமிச்சம்பழச் சாறுல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, போட்ட இடம் தெரியாது.

இப்போ முதல் பாதி. நீலம் வந்தா கலப்படமா?

உங்க வீட்டு அஞ்சறைப் பெட்டியில இருந்தே ஆரம்பிப்போம். பெருங்காயத்தூள் எடுத்துத் தண்ணியில கரைச்சு ஒரு சொட்டு விடுங்க. பெரும்பாலும் நீலமாகும். அய்யோ போச்சேன்னு அலறாதீங்க. டப்பாவைத் திருப்பிப் பாருங்க, "கூட்டுப் பெருங்காயம்"னு போட்டிருப்பாங்க. சுத்தமான பெருங்காயப் பிசின் சமையலுக்கு அப்படியே போட முடியாத அளவுக்குக் காரமான சமாச்சாரம். அதனால கோந்தும், மாவும் சேர்த்துத்தான் விக்கிறாங்க, அதைச் சட்டமே அனுமதிக்குது. அடுத்து மஞ்சள்தூள். மஞ்சள் கிழங்குலயே மாவுச்சத்து நிறைய உண்டு. மஞ்சள்தூள்ல மொத்த மாவுச்சத்து 60 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு உணவுத் தர விதியே சொல்லுது. மஞ்சள்ல நீலம் வந்துச்சுன்னு கத்துறது உருளைக்கிழங்குல உருளைக்கிழங்கு இருக்குன்னு கத்துற மாதிரி. மிளகு, சுக்கு எல்லாம் இதே கதைதான். தலைவலிக்குப் போடற மாத்திரைகள்ல கூடப் பலதுல மாவுச்சத்துதான் பொடியை ஒட்ட வெக்கிற பசை.

2025ல் மும்பையில ஒரு யூடியூபர் பெரிய பெரிய பிரபலங்களோட உணவகங்களுக்குப் போய் பன்னீர் மேல அயோடின் விட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கா? ஒரு இடத்துல பன்னீர் கறுத்துப் போச்சு. போலிப் பன்னீர்னு நாடே பேசிச்சு. அதுக்கு அந்த உணவகம் தந்த விளக்கம் இதுதான்: இந்தச் சோதனை காட்டுறது மாவுச்சத்தை, பன்னீரோட உண்மைத்தன்மையை இல்லை, எங்க பதார்த்தத்துல சோயா சேர்ந்த பொருட்கள் இருக்கு. அவங்க பன்னீர் நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த விளக்கத்தோட முதல் பாதி நூத்துக்கு நூறு சரி. சமைச்சுத் தட்டுல வந்த பன்னீர்ல சோள மாவு பூச்சு இருக்கலாம், சாஸ்ல மாவு இருக்கலாம், பக்கத்து நூடுல்ஸ் ஒட்டியிருக்கலாம். தட்டுல இருக்கிற பன்னீரைச் சோதிக்கிறதும், கடையில பொட்டலம் பிரிச்ச பச்சைப் பன்னீரைச் சோதிக்கிறதும் வேற வேற கேள்வி.

இதுல வேடிக்கை என்னன்னா, போலிப் பன்னீரோட முக்கியமான தில்லாலங்கடி மாவுல இல்லை, கொழுப்புல. பால் கொழுப்பை எடுத்துட்டு பாமாயில் சேர்த்துப் பண்றாங்க. அதுல ஒரு துளி மாவு கூட இல்லைன்னா அயோடின் சமர்த்தா பழுப்பாவே இருந்துட்டுப் போயிடும். நீங்களும் நல்ல பன்னீர்னு சப்புக்கொட்டிச் சாப்பிடுவீங்க. நெய்யும் அதே மாதிரிதான். மசிச்ச உருளைக்கிழங்கு சேர்த்திருந்தா அயோடின் காட்டிக் கொடுக்கும். வனஸ்பதி சேர்த்திருந்தா வாயே திறக்காது.

இது ரெண்டாவது பாதி. நீலம் வரலைன்னா சுத்தமா?

பாலை எடுத்துக்குவோம், ஏன்னா அங்கேதான் கையில உண்மையான எண்ணிக்கை இருக்கு. பால்ல தண்ணி கலந்தா மெல்லிசாயிடும். அதை மறைச்சுத் திடமாக் காட்ட மாவு கலக்கிறது பழைய தந்திரம். அதைப் பிடிக்கத்தான் அயோடின். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தோட வீட்டுச் சோதனைக் கையேடுலயும் இது இருக்கு.

அந்த ஆணையம் 2018ல் நாடு முழுக்க 1,103 ஊர்கள்ல இருந்து 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதிச்சது. அதுல பாதுகாப்புக்குக் கேடான கலப்படம்னு பிடிபட்டது எத்தனை தெரியுமா? வெறும் 12. அந்த 12லயும் மாவு கிடையாது. ஹைட்ரஜன் பெராக்சைடு 6, சோப்புத்தூள் வகை 3, யூரியா 2, புளிப்பை மறைக்கிற பொருள் 1. இதுல ஒண்ணைக்கூட அயோடினால பார்க்க முடியாது.

அதே ஆய்வுல இன்னொரு விஷயம். 156 மாதிரிகள்ல மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்துச்சு. மால்டோடெக்ஸ்ட்ரின்னா என்ன? மாவுச்சத்தை எடுத்து, அந்த நீளச் சங்கிலியைத் துண்டு துண்டா வெட்டினது. மேலே சொன்னேனே, சுருள் சின்னதா இருந்தா நீலம் வராதுன்னு? அதான் சூட்சுமம். உடம்புக்குப் பெரிய கெடுதல்னு அதைச் சொல்லலை, தரத்துக்குத்தான் கேடு. ஆனா நம்ம சோதனையைப் பொறுத்தவரைக்கும் பாருங்க, மாவைக் கலந்தவன் மாட்டிப்பான், அதே மாவை வெட்டிக் கலந்தவன் மாட்ட மாட்டான். கேள்வித்தாள் இருநூறு வருஷமா மாறலை. ஏமாத்துறவனுக்கு அது எப்பவோ மனப்பாடம்.

எல்லாத்தையும் விடப் பெரிய சமாச்சாரம் அஃப்ளடாக்சின் எம்1. இதை யாரும் பால்ல ஊத்துறதில்லை. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் மாதிரித் தீவனம் ஈரத்துல பூஞ்சை பிடிக்கும்போது அதுல ஒரு நஞ்சு உருவாகுது. மாடு அதைத் தின்னா, அதோட உடம்பு அதைக் கொஞ்சம் மாத்திப் பால் வழியா வெளியே விடுது. காய்ச்சினாலும் போகாது. ஈரல் புற்றுநோயோட தொடர்புடைய நஞ்சுக் குடும்பம் இது. 2018 ஆய்வுல 368 மாதிரிகள்ல இது அனுமதிச்ச அளவைத் தாண்டி இருந்துச்சு. கலப்படம் 12, இது 368. அதுலயும் தமிழ்நாட்டுல எடுத்த 551 மாதிரிகள்ல 88. நாட்டுலயே நாமதான் முதலிடம்.

இன்னும் ஒரு கணக்கு இருக்கு. நாடு முழுக்க அந்த 368ல் 227 வந்தது பதப்படுத்தின பால் மாதிரிகள்ல இருந்து. மொத்தம் 2,607 எடுத்ததுல 227. கறந்த பாலா எடுத்தது 3,825, அதுல 141. அதாவது சீல் போட்ட பாக்கெட் பால்லதான் விகிதம் அதிகம். ஆனா நம்ம ஆளுங்க அயோடின் பாட்டிலைத் தூக்கிட்டு முதல்ல யாரைப் பார்க்கப் போறாங்க? கேன்ல பால் கொண்டு வந்து ஊத்துறவரைத்தான்.

நான் மென்பொருள் துறையில குப்பை கொட்டுறவன். எங்க பிழைப்புல டெஸ்ட் கேஸ்னு ஒண்ணு இருக்கு. நூறு டெஸ்ட் எழுதி நூறும் பச்சை விளக்கு காட்டுச்சுன்னா என்ன அர்த்தம்? அந்த நூறு கேள்விக்குப் பதில் சரின்னு அர்த்தம். நூத்தியோராவது கேள்வியை யாரும் கேட்கலை. கஸ்டமர் கேட்பார், அதுவும் சனிக்கிழமை ராத்திரி. இது இந்தத் துறையில சேர்ந்த ஆறு மாசத்துல எல்லாருக்கும் உறைச்சுடும். அதே ஆள் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு டெஸ்ட்டை ஓட்டிட்டு "பால் சுத்தம்"னு ரிலீஸ் பண்றதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை.

அயோடினை நம்பி இப்படி ஏமாறுறது நாம மட்டும் இல்லை. அமெரிக்காவுல கடை கல்லாப்பெட்டியில கள்ளநோட்டுப் பேனான்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள இருக்கிறதும் அயோடின் மைதான். சாதாரணக் காகிதத்துல மாவுச்சத்து இருக்கும், கோடு போட்டாக் கறுக்கும். டாலர் நோட்டு 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன் நார், மாவு கிடையாது, கோடு மஞ்சளாவே நிக்கும். அருமையான யோசனைதான். கள்ளநோட்டுக்காரன் என்ன பண்ணினான்? நிஜமான அஞ்சு டாலர் நோட்டை வெளுத்து, அதே காகிதத்துல நூறு டாலர் அச்சடிச்சான். பேனா "ஓகே சார்"னு சொல்லிடுச்சு. அது பொய் சொல்லலைங்க. காகிதம் என்னன்னுதான் அதுக்குத் தெரியும், நோட்டு என்னன்னு தெரியாது. இன்னொரு பக்கம், கஞ்சி போட்ட சட்டைப் பையில ஊறின நல்ல நோட்டு அதே பேனாவுல கள்ளநோட்டாயிடும்.

அமெரிக்கக் கடையில ஒரு நோட்டு மாறினா நூறு டாலரோட போச்சு. இங்கே அதே தப்பு ஒருத்தரோட பிழைப்பு மேல விழுது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதனாலதான்.

நான் இருக்கிற புறநகர் அடுக்ககத்துக்கு ஒரு பால்காரம்மா வருவாங்க. நாலு மாடு. விடிகாலையில ரெண்டு கேனை மொபெட்டுல கட்டிட்டு வந்து பதினைஞ்சு இருபது வீட்டுக்கு ஊத்திட்டுப் போவாங்க. ஒரு நாள் அடுக்கக வாட்ஸப் குழுவுல ஒரு வீடியோ. டம்ளர்ல அந்தம்மாவோட பால், அதுல காயத்துக்குப் போடற பெட்டாடின் அஞ்சாறு சொட்டு. பால் இளம்பழுப்பாச்சு. கீழே "நிறம் மாறிடுச்சு, மாவு கலந்திருக்கு, உஷார்"னு ஒரு வரி. மக்களே, பெட்டாடினோட நிறமே பழுப்பு. பழுப்பை வெள்ளையில ஊத்தினா இளம்பழுப்பு வராம வேற என்ன வரும்? மாவு இருந்தா நீலம் வரணும், நீலம் வரவே இல்லை. அதாவது வீடியோவுல இருக்கிற சோதனை அந்தம்மாவுக்குச் சாதகமா முடிஞ்சிருக்கு. ஆனா "நிறம் மாறிடுச்சு"ங்கிற ரெண்டு வார்த்தை போதுமானதா இருந்துச்சு. அந்த வாரமே ஆறு வீடு நிறுத்திட்டாங்க.

நான் மூணு டம்ளர் வெச்சு ஒரு வீடியோ எடுத்துக் குழுவுல போட்டேன். பாக்கெட் பால்ல சொட்டு விட்டா அதே இளம்பழுப்பு. அந்தம்மா பாலும் அதே. பாக்கெட் பால்ல ஒரு சிட்டிகை அரிசி மாவு போட்டுக் காய்ச்சி ஆற வெச்சு விட்டா, நல்லா நாவல்பழம் மாதிரி கருநீலம். பார்த்துட்டு ரெண்டு வீடு திரும்ப வாங்க ஆரம்பிச்சாங்க. நாலு வீடு இன்னும் வாங்கலை. வீடியோ போட்டவர் "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கிறது நல்லதுதானே சார்"னு ஒரு கும்பிடு பொம்மை போட்டு முடிச்சுக்கிட்டார்.

யாருக்கு நல்லது?

அந்தம்மாகிட்ட இது பத்திப் பேசினப்போ அவங்க சொன்னதுதான் மனசுல நிக்குது. "தண்ணி கலந்தேன்னு யாராச்சும் சொன்னா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லுவேன் தம்பி. இவங்க மருந்து ஊத்திப் பாத்துச் சொல்லிட்டாங்க. அதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். வாய்ச்சண்டையில ரெண்டு பேருக்கும் வாய் உண்டு. ஒருத்தர் கையில "அறிவியல்"னு ஒரு பாட்டில் இருந்தா, எதிர்ல நிக்கிறவங்க வாயடைச்சுப் போறாங்க. மும்பை உணவகத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது, அறிக்கை விட்டாங்க, அது செய்தியாவும் வந்துச்சு. நாலு மாடு வெச்சிருக்கிறவங்க எங்கே போய் அறிக்கை விடுவாங்க? பாக்கெட் பால்காரன் மேல இப்படி ஒரு வீடியோ வந்தா வக்கீல் நோட்டீஸ் வரும்னு நமக்கு உள்ளூரத் தெரியும். அதனாலதான் நம்ம சொட்டு எப்பவும் மெலிஞ்சவங்க டம்ளர்லயே விழுது.

சட்டம் இதை எப்படிப் பார்க்குதுன்னு பாருங்க, ரொம்ப சுவாரசியம். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு மாதிரி எடுத்தா அதை நாலு பங்காப் பிரிச்சு முத்திரை வெக்கணும். ஒண்ணு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். ரெண்டு பங்கு மேலதிகாரிகிட்ட பத்திரமா இருக்கும். வியாபாரி கேட்டுக்கிட்டா நாலாவது பங்கு அங்கீகாரம் பெற்ற வேற ஆய்வகத்துக்குப் போகும். முடிவு எதிரா வந்தா மேல்முறையீடும் பண்ணலாம். படிச்சுப் பட்டம் வாங்கின பகுப்பாய்வாளர், முழுசா ஒரு ஆய்வகம், இத்தனை கருவி. அவங்க வார்த்தையையே சட்டம் கடைசி வார்த்தையா எடுத்துக்கலை. சமையலறை மேடையில அஞ்சு சொட்டு பெட்டாடின் விட்டவர் மட்டும் உச்சநீதிமன்றம் ஆயிடறார்.

"அப்போ சோதிக்கவே கூடாதா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ல கலப்படமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. 2011ல் இதே ஆணையம் எடுத்த ஆய்வுல 1,791 பால் மாதிரிகள்ல 68.4 சதவீதம் தர அளவை எட்டலை, அதுக்குத் தண்ணி கலப்பு ஒரு முக்கியக் காரணம். ஏமாத்துறவங்க இருக்காங்க, சந்தேகப்பட நமக்கு உரிமையும் இருக்கு. அதனால தாராளமா சோதிங்க. ஆனா ஒழுங்கா சோதிங்க.

ஒழுங்கான்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. மூணு டம்ளர். ஒண்ணுல உங்களுக்குச் சந்தேகமான பால். ஒண்ணுல நீங்க நம்புற பால். மூணாவதுல அதே நம்பிக்கையான பால், ஆனா வேணும்னே கொஞ்சம் மாவு போட்டுக் காய்ச்சி நல்லா ஆற வெச்சது. மூணுலயும் ஒரே எண்ணிக்கையில சொட்டு. மூணாவது டம்ளர் நீலமாகலைன்னா உங்க அயோடின் செத்துப் போச்சு, இல்லைன்னா சொட்டு பத்தலை, மொத்தச் சோதனையும் தள்ளுபடி. ரெண்டாவது டம்ளர் நீலமானா உங்க பாத்திரத்துல முன்னாடியே மாவு இருக்கு, மறுபடியும் தள்ளுபடி. கஞ்சி வடிச்ச பாத்திரம், மாவு பிசைஞ்ச கை, இட்லி மாவு கரண்டி எல்லாம் நம்ம சமையலறையில சகஜம். பன்னீரா இருந்தா கொஞ்சம் எடுத்துத் தண்ணியில கொதிக்க வெச்சு ஆற வெச்ச பிறகு விடுங்க. சோதிச்சதைக் குடிக்காதீங்க, குழந்தைக்கோ பூனைக்கோ வெக்காதீங்க, சாக்கடையில ஊத்திடுங்க.

இவ்வளவும் பண்ணி முதல் டம்ளர் மட்டும் நீலமாச்சா? அப்போ உங்க கையில இருக்கிறது வலுவான சந்தேகம். இன்னொரு நாள் வாங்கித் திரும்ப ஒரு தடவை பாருங்க. விக்கிறவங்ககிட்ட முகத்தைப் பார்த்துக் கேளுங்க. அப்புறமும் சந்தேகம் தீரலைன்னா உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுங்க. அந்தச் சட்டத்தோட 40ஆவது பிரிவுப்படி, வாங்குறவங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட சோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போறேன்"னு வியாபாரிகிட்ட சொல்லிடணும். தப்புன்னு முடிவு வந்தா கட்டின காசு திரும்பக் கிடைக்கும். வியாபாரிக்குத் தெரியாம வீடியோ எடுத்துப் போடற நம்ம வழக்கத்தோட இதை ஒப்பிட்டுப் பாருங்க. சட்டம் முதல் காரியமாச் சொல்றது, எதிராளிகிட்ட சொல்லிட்டுச் செய்யின்னு.

அயோடின் சோதனை அழகா வேலை செய்யற இடமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஆப்பிள் தோட்டக்காரங்க பழத்தைக் குறுக்கா வெட்டி அதுல அயோடின் தடவிப் பார்ப்பாங்க. காயா இருந்தா மாவுச்சத்து நிறைய, முழுக்கக் கறுக்கும். பழுக்கப் பழுக்க மாவு சர்க்கரையா மாறும், நடுவுல இருந்து வெள்ளை பரவும். அந்தப் படத்தைப் பார்த்து எப்போ பறிக்கலாம்னு முடிவு பண்றாங்க. அங்கே அவங்களுக்குத் தெரிய வேண்டியதே "மாவு எவ்வளவு இருக்கு"ங்கிறதுதான். கேள்வியும் பதிலும் ஒண்ணு. யார் நல்லவன், யார் கெட்டவன்னு ஆப்பிள்கிட்ட யாரும் கேட்கறதில்லை.

பாலைப் பத்தி நாம உண்மையிலேயே பயப்பட வேண்டிய கேள்விகள் வேற. தீவனக் கிடங்குல ஈரம் இருக்கா? பூஞ்சை பிடிச்ச புண்ணாக்கு மாட்டுக்குப் போகுதா? பாக்கெட் பாலை அஃப்ளடாக்சினுக்கு யார் சோதிக்கிறாங்க, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, முடிவை ஏன் ஜனங்க கண்ணுல காட்டுறதில்லை? இதையெல்லாம் கேட்கறதுக்கு பாட்டில் தேவையில்லை, சட்டுனு நிறம் மாறுற வீடியோவும் கிடைக்காது. கடுதாசி எழுதணும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடணும், மாசக்கணக்குல காத்திருக்கணும். அதனாலதான் யாரும் கேட்கறதில்லை போல.

இப்போதைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க குழுவுல "நிறம் மாறிடுச்சு"ன்னு ஒரு வீடியோ வந்தா, அதை அடுத்தவருக்குத் தள்ளி விடறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க. என்ன நிறம்? பக்கத்து டம்ளர் எங்கே?